பழைய கைரம்பத்தை மீட்பதும் பல் தீட்டுவதும்: முழுமையான வழிகாட்டி

துருப்பிடித்த பழைய ரம்பம் கையில் கிடைத்தால் துருவைப் பார்ப்பதற்கு முன் பல்நுனிகளைப் பாருங்கள். நுனிகள் மட்டும் நீலங்கறுப்பாக இருந்து, தகட்டின் மற்றப் பகுதி வெள்ளையாக இருந்தால் அது பல்லை மட்டும் தனியாகச் சூடேற்றிக் கடினமாக்கிய இக்காலத்து ரம்பம். அதன் மேல் அரம் வழுக்கிக்கொண்டு போகும். நாலு பல்லைத் தொடுவதற்குள் அரத்தின் விளிம்பு மழுங்கிவிடும். அதைத் தீட்ட முயல வேண்டாம்.

பழைய ரம்பத்தின் எஃகு வேறு. ராக்வெல் சி அளவில் அதன் கடினம் சுமார் 50-ஐ ஒட்டி நிற்கும். நல்ல அரம் 60-க்கு மேல். இந்த இடைவெளியை அந்தக் காலத்து ஆலைகள் வேண்டுமென்றே வைத்திருந்தன. பல் வளைந்துகொடுக்க வேண்டும், முறியக் கூடாது. அரத்துக்கு இடம் கொடுக்க வேண்டும், ஆனால் மரத்தில் சீக்கிரம் மழுங்கக் கூடாது. ஆகவே பழைய ரம்பம் பல முறை தீட்டிப் பயன்படுத்தவே செய்யப்பட்டது. தகடு நேராக இருந்து, பல்லோரத்து எஃகு துருவுக்குப் பலியாகாமல் இருந்தால், மற்ற எல்லாக் குறையையும் கையாலேயே சரிசெய்யலாம்.

பிரிப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

ரம்பத்தைப் பல் மேலே இருக்கும்படி பிடித்து, கைப்பிடிப் பக்கத்திலிருந்து பல்வரிசையை ஒற்றைக் கண்ணால் நோக்குங்கள். முழு நீளத்துக்கும் மெல்லிய வில்போல வளைந்திருந்தால் கவலை இல்லை. ஓரிடத்தில் மட்டும் சட்டென்று மடிந்திருந்தால் அது மடிப்பு. அதை நிமிர்த்தலாம், ஆனால் பொறுமை வேண்டும். இரண்டு மூன்று மடிப்பு இருக்கும் தகட்டை, முதன்முறையாக இந்த வேலையில் இறங்குபவர் எடுக்காமலிருப்பது நல்லது.

அடுத்து துரு. மேலாகப் படிந்த செந்துரு ஒன்றும் செய்யாது. தகட்டைத் தின்று குழி போட்ட கருந்துருதான் கெடுதல், அதுவும் பல்லோரத்தில் இருந்தால் மட்டும். பல்லடியிலிருந்து ஒரு விரல்கடை தூரத்துக்குள் குழிகள் நெருக்கமாக இருந்தால், எவ்வளவு தீட்டினாலும் பல்நுனி ஏதாவது ஒரு குழியில் போய் முடியும். அந்த நுனியில் கூர் நிற்காது. முதுகுப் பக்கத்தில் எத்தனை குழி இருந்தாலும் பரவாயில்லை.

பல்லிடுக்கிலிருந்து தகட்டுக்குள் ஓடும் மயிரிழை விரிசலைத் தேடுங்கள். கைப்பிடித் துளைகளைச் சுற்றியும் பாருங்கள். ரம்பத்தின் நுனி தேய்ந்து தேய்ந்து இரண்டு விரல் அகலத்துக்கும் குறைந்துபோயிருந்தால், தகடு தள்ளும்போது துவளும். அப்படிப்பட்டதை வெட்டிச் சிறு ரம்பமாக்கலாமே தவிர, பழைய வேலைக்கு ஆகாது.

தகட்டை மெதுவாக வில்லாக வளைத்து விடுங்கள். நல்ல தகடு சட்டென்று நேராகிவிடும். விரலால் சுண்டினால் மணிபோல ஒலிக்கும். சத்தம் செத்துப்போயிருந்தால் எங்கோ விரிசலோ தளர்வோ இருக்கிறது. தடிமனை அளக்கும் மைக்ரோமீட்டர் இருந்தால் பல்லோரத்திலும் முதுகோரத்திலும் அளந்து பாருங்கள். தரமான ரம்பங்களில் முதுகு பல்லோரத்தைவிட மெல்லிசாக இழைக்கப்பட்டிருக்கும். தகடு வெட்டில் சிக்காமல் ஓடுவதற்காகச் செய்தது அது. அப்படிப்பட்ட ரம்பத்துக்குப் பல்லை இடமும் வலமுமாக வளைப்பதும் குறைவாகவே போதும்.

கைப்பிடியில் பதித்த பித்தளை வில்லையைப் படியுங்கள். 1840-ல் ஃபிலடெல்ஃபியாவில் ஹென்றி டிஸ்டன் தொடங்கிய தொழிலின் ரம்பங்களில், நிறுவனப் பெயர் மாறியபோதெல்லாம் வில்லையின் எழுத்தும் மாறியது. அதை வைத்தே ரம்பத்தின் காலத்தைக் கணிக்கிறார்கள். ‘வாரன்டட் சுப்பீரியர்’ என்று மட்டும் இருந்தால் அது பொது வில்லை. பல ஆலைகள் அதைப் போட்டிருக்கின்றன. அதைக் கொண்டு யார் செய்தது என்று சொல்ல முடியாது.

கைப்பிடியைக் கழற்றுதல்

கைப்பிடியைக் கழற்றாமல் துரு எடுக்க முடியாது. சில பழைய ரம்பங்களின் மரைகளில் இரண்டு பக்கமும் வெட்டு இருக்கும், நடுவில் போல்ட்டின் முனை தெரியும். சாதாரணத் திருப்புளி அதற்குப் பொருந்தாது. பழைய அகலத் திருப்புளியின் வாயில் நடுப்பகுதியை அரத்தால் வெட்டி எடுத்து, இரட்டை நாக்காக்கிக்கொள்ளுங்கள். நாக்கு வெட்டின் அகலத்துக்குச் சரியாக உட்கார வேண்டும். தளர்வாக இருந்தால் மென்மையான பித்தளை கிழிந்துவிடும்.

மரையை முழுக்கக் கழற்றிவிடாதீர்கள். இரண்டு சுற்று தளர்த்தி, அதன் மேல் ஒரு மரக்குச்சியை வைத்து மெல்லத் தட்டுங்கள். போல்ட்டின் தலைக்குக் கீழே சதுரக் கழுத்து மரத்தில் புதைந்திருக்கும். அது அசைந்த பிறகே மரையைக் கழற்ற வேண்டும். அசையவில்லை என்றால் துரு தளர்த்தும் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு ஓர் இரவு வையுங்கள். ஓர் அட்டையில் துளைகளின் படத்தை வரைந்து, எந்த போல்ட் எந்தத் துளையோ அங்கேயே குத்தி வைப்பது நல்லது. நீளமும் கழுத்தும் ஒன்றுக்கொன்று சற்று மாறும்.

துருவை எடுத்தல்

தட்டையான பலகையில் தகட்டைக் கிடத்தி, பல்லுக்கு ஒரு மரச்சட்டத்தில் காடி வெட்டி உறை போடுங்கள். சவரத் தகட்டைச் சிறு கோணத்தில் சாய்த்துப் பிடித்து, தடித்த துருவை முதலில் சுரண்டுங்கள். மூலை குத்திவிட்டால் கீறல் விழும், அதனால் மூலைகளைக் கல்லில் ஒரு தடவை உரசிவிடுங்கள்.

பிறகு மண்ணெண்ணெயில் நனைத்த நீர்த்தாள் (ஈரமாகத் தேய்க்கும் உப்புத்தாள்): 220, 320, 400 என்ற வரிசையில். தாளைக் கட்டாயம் ஒரு மரக்கட்டையில் சுற்றியே தேய்க்க வேண்டும். விரலால் தேய்த்தால் குழியின் விளிம்பெல்லாம் மழுங்கிவிடும். தேய்ப்பு நீளவாக்கில் மட்டும். குறுக்கே தேய்த்த கோடுகள் வெட்டில் உராய்வைக் கூட்டும்.

ஆலையின் பெயரும் சின்னமும் அரிப்பு முறையில் தகட்டில் பதிந்திருக்கும். பெரும்பாலும், வலக்கையில் ரம்பத்தைப் பிடிக்கும்போது இடப்பக்கம் வரும் முகத்தின் நடுவில் இருக்கும். அந்த இடத்தில் 400-க்குக் கீழே போகாதீர்கள். கட்டையை அழுத்தாமல் தட்டையாக ஓட்டினால், அரித்த பள்ளத்தில் கறுப்பு நின்று சுற்றியுள்ள எஃகு வெளுக்கும், எழுத்து தானாகத் தெரியவரும்.

வேகத்துக்காகச் சுழலும் எமரித் தட்டையோ கம்பிச் சக்கரத்தையோ வைக்காதீர்கள். மெல்லிய தகடு ஓரிடத்தில் சூடாகிவிட்டால் அந்த இடம் நீண்டு, தகடு அலை அலையாக நெளிந்துவிடும். பிறகு அதை நேராக்குவது துரு எடுப்பதைவிடப் பெரிய வேலை. சிட்ரிக் அமிலத்தில் மணிக்கணக்கில் ஊற வைத்தாலும் துரு போகும். அதோடு எழுத்தும் போகும், தகடு மந்தமான சாம்பல் நிறமாகிவிடும். கண்ணாடிபோல மினுக்க வேண்டிய அவசியமே இல்லை. விரல் தடவினால் வழவழப்பாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

தகட்டை நேராக்குதல்

வில் வளைவு என்றால் எதிர்ப்பக்கமாக, நேர்நிலையையும் தாண்டிக் கொஞ்சம் கொஞ்சமாக வளைத்துவிட்டுப் பாருங்கள். ஒரே இடத்தில் அழுத்தாமல் கையை நகர்த்திக்கொண்டே செய்ய வேண்டும்.

மடிப்புக்கு, முகம் வழவழப்பாக உள்ள 400 கிராம் சுத்தியல் போதும். தகட்டின் மேல் நேர்விளிம்பு வைத்து, பின்னால் விளக்கைக் காட்டினால் மேடு எங்கே என்று வெளிச்சக் கீற்றே சொல்லும். நாரின் முனை மேலே தெரியும்படி நிறுத்திய கடின மரக்கட்டையில் அடிப்பதாக இருந்தால் மேட்டுப் பக்கம் மேலே இருக்கட்டும். மரம் சற்றுக் கொடுக்கும், தகடு எதிர்ப்பக்கம் வளையும். இரும்புப் பட்டடையில் அடித்தால் கதை மாறுகிறது. அங்கே அடி உலோகத்தை நீட்டுகிறது, ஆகவே குழிப்பக்கம் மேலே இருக்க வேண்டும். இதைக் குழப்பிக்கொண்டால் ஒவ்வோர் அடியும் வளைவைக் கூட்டும். மூன்று நான்கு இலேசான தட்டு, மறுபடி நேர்விளிம்பு, மறுபடி தட்டு. இப்படித்தான்.

பித்தளை அல்லது இரும்பு முதுகு போட்ட சிறு ரம்பங்களில் பல்வரிசை பாம்புபோல நெளிந்திருந்தால் தகட்டைக் குறை சொல்ல வேண்டாம். மடக்கிய முதுகு ஒரு பக்கம் கீழே இறங்கித் தகட்டை நெருக்கியிருக்கும். தகட்டை இரண்டு மரப்பலகைகளுக்கு நடுவே பிடித்து, முதுகைக் கீழிருந்து மரச்சுத்தியலால் தட்டி ஓரிரு மில்லிமீட்டர் தளர்த்துங்கள். பெரும்பாலும் அப்போதே வரிசை நேராகிவிடும். பிறகு முதுகைச் சமமாகத் தட்டி இறக்குங்கள்.

கைப்பிடி

ஆப்பிள் மரம், பீச் மரம் ஆகியவற்றில் செதுக்கிய பழைய கைப்பிடிகளின் விளிம்புகள் கைக்கு அளவெடுத்ததுபோல இருக்கும். உப்புத்தாளைப் போட்டு முரட்டுத்தனமாகத் தேய்த்தால் அந்த விளிம்புகள் மழுங்கும். நுண்ணிய எஃகுப் பஞ்சும் டர்பன்டைனும் அழுக்கை எடுக்கும். உரியும் வார்னிஷை மட்டும் சுரண்டு தகட்டால் எடுங்கள். வேகவைத்த ஆளிவிதை எண்ணெயை மெல்லிசாகப் பூசி, கால் மணி நேரம் கழித்து மிச்சத்தைத் துடைத்து, ஒரு நாள் உலரவிடுங்கள். மூன்று பூச்சு போதும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடவே கூடாது. அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவையுங்கள், அல்லது நீரில் அமிழ்த்துங்கள்.

கைப்பிடியின் மேலும் கீழும் நீண்டிருக்கும் கொம்பு உடைந்திருந்தால் உடைவை இழைப்புளியால் தட்டையாக்கி, நார் ஓட்டம் ஒத்த கட்டையை எப்பாக்ஸியால் ஒட்டி, மறுநாள் மர அரத்தால் வடிவம் கொடுங்கள். மற்றக் கொம்பைப் பார்த்துச் செய்தால் அளவு தவறாது.

பல் வேலைக்கு முன் கைப்பிடியை மாட்டிவிடுங்கள். ரம்பத்தில் எது நுனி, எது அடி (கைப்பிடிப் பக்கம்) என்ற குழப்பம் வராது.

பல்லைப் புரிந்துகொள்ளுதல்

நெடுக்கு ரம்பம் நாரின் போக்கிலேயே அறுக்கிறது. அதன் ஒவ்வொரு பல்லும் ஒரு சிறு உளி. குறுக்கு ரம்பம் நாரைக் குறுக்கே வெட்டுகிறது. அதன் பல் ஒரு சிறு கத்தி. ஒன்றின் பல்லால் மற்றதன் வேலையைச் செய்யலாம், ஆனால் நெடுக்குப் பல் குறுக்கே போனால் நார் பிய்ந்து நிற்கும், குறுக்குப் பல் நெடுக்கே போனால் நகராது.

பல்லின் அளவைப் புள்ளிக் கணக்கில் சொல்வது பழைய வழக்கம். ஓர் அங்குலத்துக்குள் இரண்டு ஓர நுனியையும் சேர்த்து எண்ணினால் எத்தனை நுனி என்பதே புள்ளி. 8 புள்ளி என்றால் அங்குலத்துக்கு 7 பல். பல ரம்பங்களில் இந்த எண் கைப்பிடிக்கு அருகே தகட்டில் பொறித்திருக்கும். நெடுக்கு வேலைக்கு 5 முதல் 7 புள்ளி, குறுக்கு வேலைக்கு 8 முதல் 12, கழுந்து வெட்டும் முதுகு ரம்பத்துக்கு 10 முதல் 14 பொருத்தம்.

இரண்டு கோணங்கள் போதும். ஒன்று, பல்லின் முன்முகம் செங்குத்திலிருந்து பின்னால் எவ்வளவு சாய்கிறது என்பது. இதை முன்சாய்வு என்போம். நெடுக்குக்கு 0 முதல் 8 பாகை, குறுக்குக்கு 15 பாகை. 0 பாகை வேகமாக அறுக்கும், ஆனால் வெட்டைத் தொடங்கும்போது உதறும். தொடக்கக்காரருக்கு 6 அல்லது 8 நல்லது. மற்றது, அரத்தை மேலிருந்து பார்த்தால் தகட்டுக்குச் செங்குத்தாகப் போகிறதா, சரிந்து போகிறதா என்பது, பக்கச்சரிவு. நெடுக்குக்கு 0, குறுக்குக்கு 20 பாகை. கடின மரத்தில் மட்டும் ஓடும் குறுக்கு ரம்பத்துக்கு 15 பாகை வைத்தால் கூர் நெடுநாள் நிற்கும்.

அரத்தைத் தேர்ந்தெடுத்தல்

60 பாகை முப்பட்டை அரம் வேண்டும். பல்லின் சரிவு எவ்வளவு நீளம் என்று அளந்து, அரத்தின் ஒரு பட்டை அதைப் போல் இரண்டு மடங்குக்குச் சற்று அதிகமாக இருக்கும்படி தேர்ந்தெடுங்கள். காரணம் இது: ஒவ்வொரு பட்டையும் இரண்டு மூலைகளுக்குப் பொது. பல் பட்டையின் பாதிக்குள்ளேயே உராய்ந்தால், மறுமூலையைத் திருப்பும்போது தேயாத பாதி கிடைக்கும். அரம் சிறியதாக இருந்தால் தேய்மானம் நடுவில் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, மூன்று மூலையும் சேர்ந்து வீணாகும். அரம் பெரியதாக இருந்தாலும் தொல்லை உண்டு: பெரிய அரத்தின் மூலை மொக்கை, அது சிறு பல்லின் இடுக்கை ஆழமாக வெட்டாது.

பட்டையின் அகலம் தோராயமாக இப்படி வரும்:

6 புள்ளிக்கு 10 மி.மீ.
8 புள்ளிக்கு 7.5 மி.மீ.
10 புள்ளிக்கு 6 மி.மீ.
12 புள்ளிக்கு 5 மி.மீ.
15 புள்ளிக்கு 4 மி.மீ.

அரத்துக்குப் பிடி போடாமல் தொடாதீர்கள். தள்ளும்போது மட்டும் வெட்டு, திரும்பும்போது தூக்கிவிடுங்கள். பின்னுக்கு இழுத்தால் அரத்தின் பல்தான் நொறுங்கும்.

முன்சாய்வைக் கையால் நிலைநிறுத்துவது கடினம். அதனால் ஒரு சிறு மரத்துண்டில் துளையிட்டு அரத்தின் நுனியில் செருகுங்கள். துண்டின் மேல்விளிம்பு எப்போதும் கிடைமட்டமாக இருக்கட்டும். அரத்தின் மேல்பட்டை கிடைமட்டத்திலிருந்து எத்தனை பாகை சாய வேண்டும் என்பதற்கு 30-லிருந்து முன்சாய்வைக் கழித்தால் போதும். முன்சாய்வு 0 என்றால் 30 பாகை, 8 என்றால் 22, 15 என்றால் 15. சாய்வு ரம்பத்தின் நுனிப் பக்கம் தாழ்ந்து, கைப்பிடிப் பக்கம் உயர்ந்திருக்க வேண்டும். மாற்றிச் செருகிவிட்டால் பல் தலைகீழாகிவிடும். முதல் இரண்டு பல்லை அராவியதும் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ரம்பத்தைப் பிடித்து நிறுத்துதல்

ரம்பத்தின் நீளத்துக்கு இரண்டு கடின மரச் சட்டங்கள், உள்முகத்தில் தோல் ஒட்டியவை, அவற்றை இறுக்க ஒரு வைஸ். பல்லிடுக்குகள் சட்டத்துக்கு மேல் 3 மி.மீ. மட்டுமே தெரிய வேண்டும். அதிகம் நீட்டினால் தகடு அதிர்ந்து கிறீச்சிடும். அந்தச் சத்தம் காதுக்கு மட்டும் கெடுதல் இல்லை. அரம் துள்ளுகிறது, தேய்கிறது, பல்முகத்தில் படிகள் விழுகின்றன என்று அர்த்தம். பல்வரிசை முழங்கை உயரத்தில் இருக்கட்டும்.

விளக்கைப் பல்வரிசைக்கு அப்பால், தாழ்வாக வையுங்கள். இனி வரும் வேலை முழுவதும் பல்நுனியில் மின்னும் வெளிச்சத்தைப் பார்த்தே நடக்கும்.

பல்மட்டம் பிடித்தல்

தட்டை அரம் ஒன்றை மரத்துண்டில் செங்குத்தாகக் காடி வெட்டிச் செருகுங்கள். துண்டு தகட்டை ஒட்டி ஓடினால் அரம் பல்லின் மேல் சதுரமாக உட்காரும். அடியிலிருந்து நுனிவரை ஒரே ஓட்டமாக, இலேசாகத் தள்ளுங்கள். இரண்டு ஓட்டத்துக்கு ஒரு முறை பாருங்கள். உயரமான நுனிகளில் முதலில் சிறு மின்னல் புள்ளிகள் தோன்றும். ஏறக்குறைய எல்லாப் பல்லிலும் புள்ளி விழும்வரை தொடருங்கள்.

ஏறக்குறைய என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. ஓரிரண்டு பல் உடைந்தோ மிகவும் தாழ்ந்தோ இருந்தால், அவற்றுக்காக மற்ற 150 பல்லையும் வெட்டி இறக்குவது நல்ல எஃகை வீணாக்குவது. அடுத்தடுத்த தீட்டல்களில் அவை தானாக மேலே வந்துவிடும். ஒரு பல் இல்லாததை வெட்டு உணராது. வரிசையாக நாலைந்து இல்லை என்றால்தான் யோசிக்க வேண்டும்.

பல்வரிசை மேல்நோக்கிச் சற்றே வளைந்திருந்தால் பதறாதீர்கள். பல நீள ரம்பங்களை ஆலையே அப்படித்தான் அனுப்பியது. நடுவில் குழிந்திருந்தால்தான் குறை. அதைச் சரிசெய்யும்வரை மட்டம் பிடிக்க வேண்டும்.

பல்லுக்கு வடிவம் கொடுத்தல்

பழைய ரம்பங்களில் மிகச் சாதாரணமாகக் காணும் குறை, ஒரு பல் பெரிது, அடுத்தது சிறிது, மறுபடி பெரிது என்ற வரிசை. ஒரு பக்கத்திலிருந்து தீட்டும்போது அதிகமும் மறுபக்கத்திலிருந்து குறைவாகவும் அழுத்தியதால் வருவது. மட்டம் பிடித்தபின் பெரிய பல்லின் தலையில் அகலமான மினுப்பு, சிறிய பல்லில் கீற்று மாதிரி மினுப்பு என்று அது தெளிவாகத் தெரிந்துவிடும்.

வடிவம் கொடுக்கும்போது நெடுக்கு ரம்பமோ குறுக்கு ரம்பமோ, அரத்தைத் தகட்டுக்குச் செங்குத்தாகவே ஓட்டுங்கள். பக்கச்சரிவு கடைசித் தீட்டலில் வரட்டும். ஒரு பல்லிடுக்கில் அரத்தை வைத்தால் அது இரண்டு பல்லைத் தொடுகிறது: ஒன்றின் முன்முகம், மற்றதன் முதுகு. எந்தப் பல்லின் மினுப்பு அகலமோ அந்தப் பக்கம் அரத்தைச் சாய்த்து அழுத்துங்கள். கோணத்தை மாற்றக் கூடாது, அழுத்தத்தை மட்டுமே மாற்ற வேண்டும். அந்த இடுக்கு ஒவ்வொரு மினுப்பிலும் பாதியைத் தின்றதும் நிறுத்துங்கள். மிச்சப் பாதி அடுத்த இடுக்கின் பங்கு.

அடுத்த இடுக்கு வந்து மினுப்பு மறையும் அந்தக் கணத்தில் பல் சரியான உயரத்தில் கூராகியிருக்கும். அதற்கு மேல் ஒரே ஒரு தள்ளல் கூடுதலாகப் போனாலும் அந்தப் பல் மட்டத்திலிருந்து தாழ்ந்துவிடும், வெட்டில் மரத்தைத் தொடவே தொடாது. தீட்டிய ரம்பம் ஏன் அறுக்கவில்லை என்ற கேள்விக்குப் பெரும்பாலும் இதுதான் விடை. ஒவ்வொரு பல்லும் கூராக இருக்கும், ஆனால் உயரம் ஒன்றுபோல இருக்காது.

மிகவும் கோணலாக இருந்தால் ஒரே சுற்றில் முடிக்க முயலாதீர்கள். பாதி சரிசெய்து, மறுபடி மட்டம் பிடித்து, மறுபடி அராவுங்கள். மூன்று சுற்று போனாலும் தப்பில்லை. பல்லைக் கறுப்பு மார்க்கரால் பூசிவிட்டு அராவினால் அரம் எங்கே தொட்டது, எங்கே விட்டது என்று பார்க்க எளிது.

பல் வளைத்தல்

பற்களை ஒன்றுவிட்டு ஒன்றாக இடமும் வலமும் வளைப்பதால்தான் வெட்டு தகட்டைவிட அகலமாகி, தகடு சிக்காமல் ஓடுகிறது. இந்த இடத்தில் பெரும்பாலோர் செய்யும் தவறு, தாராளமாக வளைப்பது. அகன்ற வெட்டு என்றால் ஒவ்வொரு தள்ளலிலும் அதிக மரத்தைத் தூளாக்க வேண்டும். கை வலிக்கும், ரம்பம் வெட்டுக்குள் அலையும்.

காய்ந்த கடின மரத்துக்குப் பக்கத்துக்கு 0.1 மி.மீ. போதும். 0.9 மி.மீ. தகடு என்றால் பல்நுனிகளுக்குக் குறுக்கே அளந்தால் 1.1 மி.மீ. காட்ட வேண்டும். ஈரமான மென்மரத்துக்குப் பக்கத்துக்கு 0.2 முதல் 0.25 வரை போகலாம். முதுகு இழைத்த தகட்டுக்கு இன்னும் குறைக்கலாம்.

கைத்துப்பாக்கி வடிவில் உள்ள பல் வளைக்கும் கருவியில் எண் போட்ட வட்டப் பட்டடை இருக்கும். அந்த எண் புள்ளிக் கணக்குக்கு ஒத்துவரும் என்று நம்பாதீர்கள். பெரும்பாலும் அதிகமாகவே வளைக்கும். உங்கள் புள்ளியைவிட நுண்ணிய பல்லுக்கான அமைப்பில் தொடங்கி, நாலு பல்லை வளைத்து அளந்து பாருங்கள். ஒவ்வொரு முறையும் கைப்பிடியை அதே அழுத்தத்தில் முடிக்க வேண்டும். ஒரு பக்கம் முழுவதும் ஒன்றுவிட்டு ஒன்று முடித்து, ரம்பத்தைத் திருப்பி மறுபக்கம்.

வளைவு பல்லின் மேல் பாதிக்குள் இருக்க வேண்டும். பல்லடியிலிருந்து வளைத்தால் பல் முறியும், இல்லையேல் தகடு அங்கே விரியும். ஏற்கெனவே ஒரு பக்கம் சாய்ந்திருக்கும் பல்லை எதிர்ப்பக்கம் ஒடித்து வளைப்பதும் முறிவில்தான் முடியும். ஆகவே பழைய வளைவு எந்தப் பக்கமோ அதையே தொடருங்கள்.

அதிகம் வளைத்துவிட்டால் மீட்க வழி இருக்கிறது. தகட்டின் இரண்டு பக்கமும் பல்லுக்குக் கீழே ஒரு தாளை வைத்து, பல் தாளுக்கு வெளியே நிற்கும்படி, வழவழப்பான வாய் உள்ள இரும்பு வைஸில் பகுதி பகுதியாக நெருக்குங்கள். சாதாரணத் தாளின் தடிமன் 0.1 மி.மீ.; பல் ஏறக்குறைய அந்த அளவுக்கு இறங்கி எல்லாம் ஒன்றுபோல் நிற்கும்.

கடைசித் தீட்டல்: நெடுக்கு ரம்பம்

வளைத்தபின் ஒரே ஓர் இலேசான மட்ட ஓட்டம். கீற்று மினுப்பு வந்தால் போதும். கைப்பிடி வலப்புறம் இருக்க, உங்களிடமிருந்து அப்பால் சாய்ந்த பல்லின் முன்முகத்தைத் தொடும் இடுக்கில் தொடங்கி, ஒன்றுவிட்டு ஒன்றாக நுனியிலிருந்து அடிவரை போங்கள். அரம் தகட்டுக்குச் செங்குத்து, கிடைமட்டம். ஒவ்வோர் இடுக்குக்கும் ஒரே எண்ணிக்கையில் தள்ளல். மினுப்பில் பாதி போகட்டும். பிறகு ரம்பத்தைத் திருப்பி, விட்ட இடுக்குகளில் மினுப்பு மறையும்வரை. ஒரே பக்கத்திலிருந்து எல்லாவற்றையும் அராவினால் பிசிறு முழுவதும் ஒரு பக்கம் சேர்ந்து ரம்பம் அந்தப் பக்கம் ஓடும்.

கடைசித் தீட்டல்: குறுக்கு ரம்பம்

இங்கே பக்கச்சரிவு வருவதால் எந்த இடுக்கில் எந்தத் திசை என்பது தவறக் கூடாது. தவறினால் கத்தி விளிம்பு பல்லின் வெளிப்பக்கத்தில் விழாமல் உட்பக்கத்தில் விழுந்துவிடும். அத்தகைய ரம்பம் நாரை வெட்டாது, சுரண்டும்.

கைப்பிடி வலப்புறம் இருக்கட்டும். உங்களை நோக்கிச் சாய்ந்த முதல் பல்லைக் கண்டுபிடித்து, அதன் இடப்பக்கத்து இடுக்கில் அரத்தை வையுங்கள். அரத்தின் நுனி ரம்பத்தின் கைப்பிடியை நோக்க, அரத்தின் பிடி 20 பாகை இடப்பக்கம் நகர்ந்திருக்க வேண்டும். சட்டத்தின் மேல் 20 பாகைக் கோடுகளைச் சில இடங்களில் பென்சிலால் வரைந்து வைத்தால் கண் அதைப் பின்பற்றும். இப்படி ஒன்றுவிட்டு ஒன்று, மினுப்பில் பாதி.

ரம்பத்தைத் திருப்புங்கள், இப்போது கைப்பிடி இடப்புறம். உங்களை நோக்கிச் சாய்ந்த பல்லின் வலப்பக்கத்து இடுக்கு. அரத்தின் நுனி இப்போதும் ரம்பத்தின் கைப்பிடியை நோக்கியே. மினுப்பு மறைந்ததும் நிறுத்துங்கள்.

சரியாக முடிந்த குறுக்கு ரம்பத்தைப் பல் மேலே இருக்கும்படி வைத்து நோக்கினால் இரண்டு வரிசை நுனிகளுக்கு நடுவே ஒரு வாய்க்கால் நேராக ஓடுவது தெரியும். ஒரு தையல் ஊசியை அதில் வைத்து ரம்பத்தைச் சாய்த்தால் ஊசி விழாமல் வழுக்கிக்கொண்டே நுனிவரை போக வேண்டும்.

பிசிறும் சோதனை வெட்டும்

தகட்டைப் பலகையில் கிடத்தி, நுண்ணிய எண்ணெய்க்கல்லைப் பல்லின் பக்கத்தில் தட்டையாக வைத்து, அடியிலிருந்து நுனிவரை ஒரே ஓட்டம்; மறுபக்கமும் அதே. பிசிறு போகும், ஒன்றிரண்டு துருத்திய பல்லும் அடங்கும்.

காய்ந்த பலகையில் நேர்க்கோடு போட்டு, ரம்பத்தைத் திருப்ப முயலாமல், எடை மட்டும் விழும்படி அறுங்கள். கோட்டை விட்டு இடப்பக்கம் விலகினால் இடப்பக்கப் பல்லின் வளைவு அதிகம். அந்தப் பக்கம் மட்டும் கல்லை ஒரு முறை ஓட்டி மறுபடி அறுத்துப் பாருங்கள். ஒரே நேரத்தில் இரண்டு மூன்று ஓட்டம் வேண்டாம். மறுபக்கம் விலக ஆரம்பித்துவிடும். வெட்டு நேராகப் போயும் தகடு சிக்கினால் வளைப்பு குறைவு. வெட்டு அகலமாகி ரம்பம் ஆடினால் வளைப்பு அதிகம். தாள் வைத்து நெருக்கும் முறைக்குத் திரும்புங்கள். ஒவ்வொரு தள்ளலிலும் ஒரே இடத்தில் இடித்தால் அங்கே ஒரு பல் உயர்ந்திருக்கிறது, மட்ட அரத்தை ஓட்டிப் பார்த்தால் அதில் மட்டும் மினுப்பு விழும்.

பல் வரிசையே போய்விட்ட தகடு

பல்லை முழுதாக எடுத்துவிட்டுப் புதிதாக வெட்டுவதும் கையால் ஆகக்கூடியதே. பழைய பல் மறையும்வரை மட்டம் பிடியுங்கள். வேண்டிய புள்ளி இடைவெளியில் கோடு போட்ட தாள் பட்டையைத் தகட்டின் விளிம்போடு ஒட்டி, ஒவ்வொரு கோட்டிலும் அரத்தின் மூலையால் ஓர் இலேசான வெட்டு. முழு நீளத்துக்கும் வெட்டு விழுந்தபின் தாளை எடுத்துவிட்டு, நெடுக்குப் பல்லின் கோணத்தில் படிப்படியாக ஆழமாக்குங்கள். முதல் சுற்றிலேயே ஒரு பல்லை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனால் இடைவெளி தவறும். 26 அங்குல ரம்பத்துக்கு அரை நாள் பிடிக்கும்.

பிறகு வைத்திருப்பது

தகட்டில் மெழுகோ மெல்லிய எண்ணெயோ பூசி, பல்லுக்குக் காடி வெட்டிய மர உறை போட்டுத் தொங்கவிடுங்கள். மற்ற இரும்புச் சாமான்களோடு பெட்டியில் போட்ட ரம்பத்தின் பல் ஒரே வாரத்தில் மொக்கையாகும்.

பல்நுனியில் மினுப்பு மீண்டும் தெரிய ஆரம்பித்தால் உடனே தீட்டிவிடுங்கள். அந்த நிலையில் மட்ட அரம் ஓர் ஓட்டம், இடுக்குக்கு இரண்டு தள்ளல், கல் ஒரு முறை; கால் மணி நேர வேலை. பல் வளைப்பு மூன்று நான்கு தீட்டலுக்கு ஒரு முறை போதும்.